குளிசையின் பெயரும் பொருளும்

தமிழால் முடியாதது யாதுமில்லை என்று நமது பல்கலைக்கழக மேடைகளில் ஆண்டுதோறும் முழங்குகின்றோம். அம்முழக்கத்தை எள்ளி நகையாடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் யன்னலடியில் அம்முழக்கம் ஏன் கேட்பதில்லை என்று வினவுவதே இதன் நோக்கமாகும். நீண்டகாலக் குடலழற்சி நோய்களுக்கு வழங்கப்படும் மருந்துகளை உதாரணமாகக் கொண்டு ஒரே ஒரு கருத்தை இங்கு நிலைநாட்ட முற்படுகின்றேன். தான் உட்கொள்ளும் மருந்தின் பெயரையும் பொருளையும் தன் சொந்த மொழியில் அறியாத நோயாளி அரைவாசிச் சிகிச்சையே பெற்றவராவார். எஞ்சிய அரைவாசி அவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதையும், அதில் கலைப்பீட மாணவராகிய நமது பங்கு யாது என்பதையும் ஒளிவுமறைவின்றிப் பேசவேண்டியுள்ளது.

கலைப்பீட மாணவன் ஒருவனுக்கு மருந்தைப் பற்றி எழுத என்ன தகுதி உண்டு என்று சிலர் கேட்கலாம். எனக்கு அத்தகுதி ஒரு தவற்றினால் வந்தது.

எனது தாயாருக்குப் பெருங்குடற் புண்ணழற்சி என்னும் நோய் உள்ளதெனச் சில ஆண்டுகளுக்கு முன்னர் கண்டறியப்பட்டது. பல மாதங்களாக அதனை மூலவியாதி என்றே வீட்டில் எண்ணியிருந்தோம். ஆஸ்பத்திரியில் கொடுக்கப்பட்ட குளிசைகள் சிறிய கடதாசி உறைகளில் வந்தன. உறையொன்றின்மீது ஆங்கிலத்தில் மருந்தின் பெயர் பாதியும், அதனருகே ஓர் எண்ணும், 'மானே' என்ற சொல்லும் கிறுக்கப்பட்டிருந்தன. 'மானே' என்பது காலையில் எனப் பொருள்படும் இலத்தீன் சொல் என்பதைப் பின்னரே அறிந்தேன். முதற் கிழமை எட்டுக் குளிசை, அடுத்த கிழமை ஏழு, பின்னர் ஆறு எனக் குறைத்துச் செல்லவேண்டும் என்று வாய்மொழியாகக் கூறப்பட்டதாம். ஏன் குறைக்கவேண்டும், எதுவரை குறைக்கவேண்டும் என்பது கூறப்படவில்லை. அல்லது கூறப்பட்டும் விளங்கவில்லை.

ஐந்தாவது கிழமையில், நான் விடுமுறைக்கு வீடு சென்றிருந்தபோது, அம்மா சொன்னார்: "இரத்தம் போறது நிண்டிட்டுது. இனி ஏன் தம்பி சும்மா குளிசை போடுவான்?" உறையை எடுத்துப் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, "ஓம் அம்மா, நிற்பாட்டினால் என்ன" என்றேன். சில நாட்களில் அவருக்குத் தலைசுற்றலும் வாந்தியும் எழும்பமுடியாத சோர்வும் ஏற்பட்டன. அதன்பின் இரத்தப்போக்கு முன்னிலும் கடுமையாகத் திரும்பியது. வாட்டில் அனுமதிக்கப்பட்ட அன்று, "யாரைக் கேட்டு மருந்தை நிற்பாட்டினீர்கள்?" என்று வைத்தியர் கேட்டார். அம்மா என் பெயரைச் சொல்லவில்லை, தலைகுனிந்திருந்தார். அவர் பத்தாம் வகுப்புவரை கற்றவர், நாள்தோறும் பத்திரிகை வாசிப்பவர். வாசிக்கத் தெரியாதவரல்லர். வாசிப்பதற்கு அவருக்கு எதுவுமே கொடுக்கப்படவில்லை என்பதே உண்மை.

இது தனிமனிதரின் கவனக்குறைவு என்று கூறிக் கடந்துவிட இயலாது. இந்நோய்க்குரிய மருந்துகளின் இயல்பைச் சற்று நோக்கினால், விளக்கம் என்பது இங்கு மருந்தோடு சேர்ந்த ஓர் உபசாரமன்று, மருந்தின் ஒரு கூறே என்பது புலப்படும்.

நீண்டகாலக் குடலழற்சி நோய்கள் பிரதானமாக இரண்டு. பெருங்குடற் புண்ணழற்சி மலக்குடலில் தொடங்கி மேனோக்கிப் பெருங்குடலின் உட்சவ்வைப் பாதிப்பது. மற்றையது, 1932 ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியரான குரோன் என்பவரும் அவருடைய சகாக்களும் விவரித்தமையால் குரோன் நோய் எனப்படுவது. இது வாயிலிருந்து குதம்வரை உணவுப்பாதையின் எப்பகுதியையும், குடற்சுவரின் முழு ஆழத்தையும் தாக்கவல்லது. இரண்டும் கிருமியினால் வரும் வயிற்றுளைவு போன்றவையல்ல. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே குடலின்மீது திரும்பிவிடும் நிலை இது. இவை எரிந்தும் தணிந்தும் பல்லாண்டுகள் நீடிப்பவை. எனவே இவற்றுக்கான மருந்துகளும் இருவகைத் தொழில் புரிகின்றன: சில எரியும் நெருப்பை அணைப்பவை, சில அணைந்த நெருப்பு மீண்டும் மூளாது காப்பவை. இந்த ஒரு வேறுபாட்டை எனது தாயாருக்கு எவரேனும் ஐந்து வரித் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தால் அவர் வாட்டுக்குச் சென்றிருக்கமாட்டார்.

நெருப்பை அணைப்பவற்றுள் முதன்மையானவை ஸ்டெரொயிட் வகை மருந்துகள். 1955 இல் ஒக்ஸ்போர்ட்டைச் சேர்ந்த ட்ரூலவ், விற்ஸ் ஆகிய இருவரும் 210 நோயாளரை உட்படுத்திய பரிசோதனையொன்றின் மூலம், பெருங்குடற் புண்ணழற்சியில் கோட்டிசோன் பயன்தருவதை நிறுவினர். இன்று பெரும்பாலும் வழங்கப்படுவது பிரெட்னிசொலோன். இது விரைந்து பயன் தருவது. ஆனால் நோயை நெடுங்காலம் அடக்கிவைக்க ஏற்றதன்று. நீடித்து எடுத்தால் எலும்பு நலியும், நீரிழிவு தலைகாட்டும், தொற்றுக்கள் எளிதிற் பற்றும். மறுபுறம், சில கிழமைகள் எடுத்தபின் திடீரென நிறுத்துவதும் ஆபத்தாகும். உடல் தானே சுரக்கவேண்டிய அத்தகைய சுரப்பை, மருந்து கிடைத்த காலத்தில் குறைத்துவிடுகின்றது. மருந்து சட்டென நின்றதும் உடலிடம் ஈடுகொடுக்க எதுவுமில்லை. படிப்படியாகக் குறைப்பதன் காரணம் இதுவே. நீடிக்கவும் கூடாது, திடீரென நிறுத்தவும் கூடாது என்னும் மருந்தை, காரணம் கூறாமற் கையிற் கொடுப்பது எவ்வகையில் நியாயமாகும்?

நெருப்பு மூளாது காப்பவற்றுள் மூத்தது சல்பசலசீன். சுவீடனைச் சேர்ந்த நன்னா ஸ்வாற்ஸ் என்னும் பெண் வைத்தியர் மூட்டுவாதத்தை மனங்கொண்டு உருவாக்குவித்த மருந்து இது. சல்பா மருந்தொன்றையும் சலிசிலேற்று வகைப் பொருளொன்றையும் பிணைத்து ஆக்கப்பட்டது. பெருங்குடலில் வாழும் பற்றீரியாக்கள் அப்பிணைப்பை அறுத்த பின்னரே இது குடலிற் தொழிற்படுகின்றது. குடலழற்சியைத் தணிப்பது அவ்விரண்டாம் பகுதியே என்பது 1977 இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளரால் காட்டப்பட்டது. அப்பகுதி தனித்து மெசலசீன் என்ற பெயரில் குளிசையாகவும், குதவழி ஏற்றும் மருந்தாகவும் இன்று பயன்படுகின்றது. சல்பசலசீன் எடுப்பவரின் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகலாம், அதில் அபாயமில்லை. ஆண்களிடத்து விந்தணுக்களின் எண்ணிக்கை குறையலாம். மருந்தை மாற்றினால் அது மீளும். இவ்விரு செய்திகளும் அறியாதவர் என்ன செய்வார்? சிறுநீரைக் கண்டு அஞ்சி மருந்தை எறிவார். அல்லது பிள்ளையில்லையென்று மனைவியைக் குறைகூறுவார்.

அடுத்து, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள். அசதியோபிரீன் முழுப்பயன் தருவதற்கு இரண்டு மூன்று மாதங்கள் செல்லும். இடையிடையே இரத்தப் பரிசோதனை கட்டாயம். மூட்டுகளில் யூரிக் அமிலம் படியும் வாதத்துக்கு வழங்கப்படும் அலோபியூரினோலை இதனுடன் கவனமின்றிச் சேர்த்தால் எலும்பு மச்சை பழுதடைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். குடலுக்கு ஒரு வைத்தியரும் மூட்டுக்கு இன்னொரு வைத்தியருமாக அலையும் நோயாளி, தான் எடுப்பது "மஞ்சள் நிறச் சின்னக் குளிசை" என்று மட்டுமே கூறுவாரேல், இரண்டாம் வைத்தியர் எங்ஙனம் எச்சரிக்கையடைவார்? குரோன் நோயில் வழங்கப்படும் மெதோட்ரெக்சேட் இதனினும் கொடிய உதாரணம். அது கிழமைக்கு ஒருமுறை மாத்திரம் எடுக்கவேண்டியது. தவறுதலாக நாள்தோறும் எடுத்து மாண்டவர்கள் பல நாடுகளில் உளர். கருவுற்ற பெண்கள் அதனை எடுக்கலாகாது. 'கிழமைக்கு ஒருமுறை' என்ற இரு தமிழ்ச் சொற்கள் இங்கு உயிருக்கும் சாவுக்கும் இடையே நிற்கின்றன.

இறுதியாக, உயிரியல் மருந்துகள். அழற்சியைத் தூண்டும் புரதமொன்றைத் தேடிப் பிணைக்கும் இன்ப்ளிக்சிமாப், 1998 இல் ஐக்கிய அமெரிக்காவில் குரோன் நோய்க்கு அனுமதிக்கப்பட்டது. நாளத்தின் வழி ஏற்றப்படும் இம்மருந்து பலரை அறுவைச் சிகிச்சையினின்றும் காத்துள்ளது. ஆனால் உடலில் உறங்கும் காசநோயை இது எழுப்பிவிடக்கூடும். ஆதலால் தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை அவசியம். சிறுவயதில் வீட்டில் எவருக்கேனும் காசம் இருந்ததா என்ற கேள்வியின் முக்கியத்துவம் விளங்கினாலன்றி, அதனை மானக்கேடாகக் கருதும் நமது சமூகத்தில் எவர் உண்மை கூறுவார்?

பொருளைப் பற்றி இதுவரை கூறினேன். இனிப் பெயரைப் பற்றிக் கூறவேண்டும்.

ஒரு மருந்துக்கு உலகெங்கும் வழங்கும் பொதுப்பெயர் ஒன்று. கம்பனிகள் இடும் வியாபாரப் பெயர்கள் பல. வியாபாரப் பெயரை மட்டும் அறிந்த நோயாளி அக்கம்பனியின் குடியானவராகின்றார். இவ்வுண்மையை முழு உலகுக்கும் எடுத்துக்காட்டியவர் இந்நாட்டு மருந்தியற் பேராசிரியரும் பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்தவருமான சேனக பிபிலே. 1971 இல் அவரும் வைத்தியரும் அரசியற்றலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் சமர்ப்பித்த அறிக்கையின் வழியே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. பிபிலே அதன் முதற் தலைவரானார். தேவையற்ற வியாபாரப் பெயர்களைக் களைந்து, பொதுப்பெயரில் மருந்தைக் கொள்வனவு செய்து, குறைந்த விலையில் பரந்துபட்ட மக்களுக்கு வழங்குவதே அவர் கொள்கை. பல்தேசியக் கம்பனிகள் அதனை எதிர்த்தமை வியப்பன்று. 1977 இல் ஆட்சி மாறியது. அதே ஆண்டு செப்டெம்பரில் பிபிலே கயானாவில் மரணமானார். அவர் கொள்கையின் அடியொற்றிய தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் நிறைவேற 2015 ஆம் ஆண்டுவரை நாடு காத்திருக்க நேர்ந்தது.

பிபிலேயின் கொள்கையைப் பொருளாதாரக் கொள்கையாக மட்டும் போற்றுவோர் அதன் மறுபாதியைக் காணத் தவறுகின்றனர். பொதுப்பெயர் என்பது நோயாளியின் சொத்து. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு நாடெங்கும் தலைவிரித்தாடியதை நாம் மறந்துவிடவில்லை. அப்போது மெசலசீன் என்ற பெயரை அறிந்திருந்தவர் பத்துப் பாமசிகளில் விசாரிக்கலாம், வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு எழுதலாம், கிடைத்த வேறு பெயர்ப் பெட்டியை வைத்தியரிடம் காட்டி இது சரியா என்று கேட்கலாம். பெயரறியாதவர் வெறும் உறையை நீட்டிக்கொண்டு நிற்பதன்றி வேறென்ன செய்ய இயலும்? அதேபோன்று, முழங்கால் நோவுக்கென்று பாமசியில் கேட்டு வாங்கும் டைக்குளோபெனாக், ஐபுபுரோபன் போன்றவை குடலழற்சியை மீண்டும் கிளறிவிடக்கூடும் என்பதை அறிந்திருந்தாலும், பெட்டியின்மேல் வியாபாரப் பெயர் பெரிதாகவும் பொதுப்பெயர் எறும்பளவாகவும் அச்சிடப்பட்டிருக்கையில் அவ்வறிவு பயன்படாது போகின்றது.

இதற்கு வழக்கமாகக் கூறப்படும் மறுப்புக்கள் சில உண்டு.

மலிவான பொதுப்பெயர் மருந்து தரமற்றது என்பது முதலாவது. 2023 இல் வெளிப்பட்ட இம்யூனோகுளோபுலின் விவகாரத்தைச் சிலர் இதற்குச் சான்றாகக் காட்டுவர். ஆனால் அவ்விவகாரம் கொள்வனவில் நேர்ந்த ஊழலையும் பரிசோதனையின் தவறுகையையுமே காட்டியது. தரத்தை உறுதிசெய்வது ஆய்வுகூடமாகும். பெட்டியின் பளபளப்பு அதனைச் செய்யாது. தரத்தில் ஐயமிருப்பின் அரச ஆய்வுகூடங்களைப் பலப்படுத்தக் கோரவேண்டும்; கம்பனிப் பெயரின் காலில் விழுவது அதற்கு விடையாகாது.

பக்கவிளைவுகளைக் கூறினால் நோயாளி அஞ்சி மருந்தை நிறுத்திவிடுவார் என்பது இரண்டாவது. மக்களைக் குழந்தைகளாகக் கருதும் மேட்டுக்குடி மனோபாவத்தின் வெளிப்பாடே இது. அறியாதபோது அஞ்சி நிறுத்துவோரே அதிகம். எனது தாயாரோ அஞ்சியும் நிறுத்தவில்லை. குணமாயிற்று என்று நம்பி நிறுத்தினார்.

கிளினிக்கில் நூறு நோயாளர் காத்திருக்கையில் விளக்கம் கூற நேரமேது என்பது மூன்றாவது. இது நேர்மையான மறுப்பு. அரசாங்க வைத்தியர்களினதும் தாதியரினதும் வேலைப்பளுவை எவரும் மறுக்கமுடியாது. ஆனால் இம்மறுப்பு எனது வாதத்துக்கே வலுச்சேர்க்கின்றது. வாயால் நூறு தடவை கூற நேரமில்லையெனில், ஒரு தடவை எழுதி அச்சிட்டுக் கொடுப்பதே வழி.

நான்காவது மறுப்பு நமது துறையைச் சார்ந்தது: மருத்துவத்தைத் தமிழில் எழுத இயலாது என்பது. இதற்கு விடை யாழ்ப்பாணத்து மானிப்பாயில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. 1847 இல் அங்கு வந்த அமெரிக்க மிசனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1864 முதல் மேலைத்தேச மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 'பிரசவ வைத்தியம்', 'இரணவைத்தியம்', 'வைத்தியாகரம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' முதலான நூல்கள் அவராலும் அவர்தம் மாணவராலும் தமிழுக்கு வந்தன. கப்பலில் வந்த அந்நியர் ஒருவர் உடற்கூற்றியல் முழுவதையும் தமிழிற் கூறமுடியுமெனின், கணனியைக் கையில் வைத்திருக்கும் நாம் பிரெட்னிசொலோனைப் பற்றி ஒரு பக்கம் எழுத இயலாதா? 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்று கூறுகின்றது. அத்திருத்தம் அரசியலமைப்பில் உள்ளது. எனது தாயாரின் மருந்துறையில் இல்லை. உலகில் எந்த ஊரிலும் எவரது தாய்மொழியாகவும் இன்றில்லாத இலத்தீன் அவ்வுறையின்மேல் எங்கள் அடுப்படிவரை வந்திருக்கிறது, தமிழ் வரவில்லை.

குற்றத்தை அரசின்மீதும் வைத்தியர்மீதும் மட்டும் சுமத்திவிட்டு நாம் கைகழுவிவிட முடியாது. நமது தமிழார்வம் எத்திசையிற் செலவாகின்றது என்று சிந்திக்கவேண்டும். ஒரு மருந்துப் பெயருக்கு நான்கு தூய தமிழ்ச் சொற்கள் ஆக்கி, எது சிறந்ததென்று நாள்முழுதும் வாதிடுவோர் நம்மிடையே உளர். அம்மருந்தை உண்பவருக்கு ஒரு வரி எழுதியோர் எத்தனை பேர்? பெயரை மொழிபெயர்ப்பது இங்கு தீங்கும் விளைக்கும். பாமசிக்காரரும் வைத்தியரும் வேற்றுநாட்டு ஆஸ்பத்திரியும் அறியும் பெயர் சல்பசலசீன். அதனைத் தமிழெழுத்தில் அப்படியே எழுதுவோம். ஒட்சிசனையும் ஐதரசனையும் ஏற்ற ஈழத்துத் தமிழ் இதனையும் ஏற்கும். பெயரை உள்ளவாறே விட்டு, பொருளைத் தமிழாக்குவதே நமது பணி.

வேறு சிலர், எல்லாவற்றுக்கும் நமது நாட்டு வைத்தியத்தில் மருந்துண்டு என்று கூறி, எடுத்துக்கொண்டிருக்கும் குளிசையை நிறுத்தும்படி தூண்டுவர். நாட்டு வைத்திய மரபின்மீது எனக்கு மதிப்புண்டு. ஆயினும் கம்பனியிடம் கேட்கும் கேள்வியையே பரியாரியாரிடமும் கேட்பேன்: இப்பொடியின் பெயர் என்ன, இதனுள் இருப்பவை யாவை, என்ன செய்யும், எப்போது நிறுத்தவேண்டும்? பெயர் கூறாத மருந்து எந்த மரபைச் சேர்ந்ததாயினும் ஏற்கத்தக்கதன்று.

எனவே, செய்யவேண்டியது யாது? ஆஸ்பத்திரி உறைகளின்மீது மருந்தின் பொதுப்பெயரும், எத்தனை, எப்போது, எதுவரை என்பனவும் நோயாளியின் மொழியில் அச்சிடப்படல் வேண்டுமென்று நாம் கோரவேண்டும். இக்கோரிக்கை தமிழருக்கு மட்டும் உரியதன்று. சிங்களக் கிராமத்துத் தாயும் அதே இலத்தீன் உறையையே பெறுகின்றாள். ஆதலால் இது இரு மொழி மாணவரும் ஒன்றுபட்டு எழுப்பவேண்டிய கோரிக்கையாகும். அரசு செவிசாய்க்கும்வரை நாம் காத்திருக்கவும் தேவையில்லை. மருத்துவ பீடத் தமிழ் மாணவர் பொருளைத் தரட்டும். கலைப்பீடத்து நாம் மொழியைத் தருவோம். பேராசிரியர்கள் திருத்தித் தரட்டும். இங்கு பேசப்பட்ட மருந்துகள் ஏறத்தாழ ஆறு. மருந்துக்கு ஒரு பக்கம் வீதம் ஆறே பக்கங்கள். நமது தமிழ்ச் சங்கத்துக்கு அது பெரும்பாரமா?

அம்மா இப்போது நலமாக உள்ளார். அவருடைய கொப்பியொன்றில் ஒவ்வொரு குளிசையின் பெயரையும், அது என்ன செய்யும் என்பதையும், தானாக நிறுத்தக்கூடாதவை எவை என்பதையும் தமிழில் எழுதிக் கொடுத்துள்ளேன். ஒவ்வொரு வரியையும் கிளினிக்கில் இளம் வைத்தியர் ஒருவர் பார்த்துத் திருத்தித் தந்தார். முழுவதையும் எழுதி முடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுதே சென்றது. கலைப்பீடத்தில் நான் எழுதிய எந்தக் கட்டுரையும் ஒருவருக்கு இவ்வளவு பயன்பட்டதில்லை. அந்த ஒரு மாலைப்பொழுதை முன்னரே செலவிட்டிருந்தால் அவர் வாட்டிற் தலைகுனிந்து இருந்திருக்கமாட்டார். இந்நாட்டில் அத்தகைய கொப்பி இல்லாத வீடுகள் எத்தனை என்பதை, அடுத்த தமிழ் விழாவுக்கு மேடை கட்டும்போது நாம் சற்று எண்ணிப்பார்ப்போமாக.